பதினான்கு பேருக்கு ஒரு மூச்சு

"ஓடுகவனுக்கும் ஊதுகவனுக்கும் வேண்டியது ஒண்ணுதான் மக்களே, அதை எவன் எங்க…" என்று எங்கள் ஊர் உபதேசியார் இஞ்ஞாசியார் பள்ளிக்கூட ஆண்டுவிழாவில் பேசியது எனக்குப் பாதிதான் நினைவிருக்கிறது. 'எங்க' என்ற சொல்லுக்குப் பிறகு வந்தது செலவழிப்பதைப் பற்றியா, சேர்த்துவைப்பதைப் பற்றியா, அல்லது ஒலிபெருக்கி அந்த நேரம் பார்த்துக் கூவியதால் அவர் பேச்சை அதோடு விட்டுவிட்டாரா என்று மஸ்கட்டில் இருந்த பத்தொன்பது வருடமும் யோசித்துப் பார்த்திருக்கிறேன், பிடிபடவில்லை. ஊர் திரும்பிய இரண்டாம் வருடம், ஈஸ்டர் கழிந்து ஒன்பதாம் நாள், எங்கள் ராயப்பன்துறையின் செவன்ஸ் கால்பந்து அணியில் விளையாடும் ஏழு பேருக்கும் பேண்டு செட்டில் வாசிக்கும் ஏழு பேருக்கும் ஒரே மூச்சு ஆகிப்போனது.

அது நடந்த விதம் மிகச் சாதாரணமானது. கோவில் மண்டபத்துக்குப் புதுக் கூரை போட்டுக்கொண்டிருந்தார்கள், பயிற்சிக்கு இடமில்லாத பேண்டு செட் கடற்கரை மைதானத்தின் ஓரத்துக்கு, வலை காயப்போடும் கம்புகளுக்குக் கீழே வந்து சேர்ந்தது. அதே நேரம் அதே மணலில் பந்துக்காரர்கள் ஓடிக்கொண்டிருந்தார்கள், எட்டு நாள் இவர்கள் சத்தம் அவர்களுக்கும் அவர்கள் புழுதி இவர்களுக்கும் தொந்தரவாக இருந்தது. ஒன்பதாம் நாள் காலையில், அணியின் நடுக்களத்தில் ஆடுகிறவனும் மற்ற நேரங்களில் பாறையில் சிப்பி எடுக்கிறவனுமான கிளீட்டஸ் கடலில் முங்கியபோது, கரையில் ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று விலை பேசிக்கொண்டிருந்த அருளப்பன், பேண்டில் பெரிய தாளம் தட்டுகிறவன், சொல்லின் பாதியில் நின்றான். கன்னம் உப்பி, கண் பிதுங்கி, ஒன்றரை நிமிடம் நின்றான். கிளீட்டஸ் தண்ணீருக்கு மேலே தலையைத் தூக்கி மூச்சை இழுத்ததும் அருளப்பனும் இழுத்து, "கிலோவுக்கு" என்று விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தான். அன்று அதே ஒன்றரை நிமிடம் ஊரின் வேறு பன்னிரண்டு இடங்களில் பன்னிரண்டு பேர் சோற்றுக்கு முன்னாலும் கண்ணாடிக்கு முன்னாலும் படகு எஞ்சினுக்கு முன்னாலும் அப்படித்தான் நின்றிருந்தார்கள் என்பது மத்தியானத்துக்குள் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

ஊர் இதை ஒரு வாரத்தில் பழகிக்கொண்டது. துணைச் சுகாதார நிலையத்து நர்ஸ் பதினான்கு பேரையும் வரிசையாக உட்காரவைத்து நெஞ்சில் குழல் வைத்துக் கேட்டு, "ஒருத்தனைப் பாத்தா போதும், மத்த பதிமூணு பேரும் வீட்டுக்குப் போலாம்" என்று சொல்லிவிட்டாள். பங்குத்தந்தை பிரசங்கத்தில் இதைப் பற்றி ஒன்றும் சொல்லாமல், தூபம் போடும்போது மட்டும் அவர்களில் யாரும் முன் வரிசையில் உட்காரவேண்டாம் என்று அறிவித்தார், ஒருத்தனுக்குத் தும்மல் வந்து பதினான்கு மூக்கும் சேர்ந்து தும்மி பீடத்து மெழுகுதிரி அணைந்ததுதான் காரணம். ஊர்க்கமிட்டி கூடி, கிளீட்டஸ் சிப்பிக்கு இறங்குமுன் கோவில் மணியை மூன்று தட்டு தட்டவேண்டும் என்று தீர்மானம் போட்டது. மணி கேட்டால் அந்தப் பதினான்கு வீட்டுப் பெண்களும் புருஷன் வாயில் இருக்கும் கவளத்தை விழுங்கச் சொல்லிவிட்டுக் காத்திருப்பார்கள். மூன்றாம் நாள் கோல்கீப்பரின் மனைவி செலின், அருளப்பன் வீட்டு முற்றத்தில் வந்து நின்று, நாலு வீடு தள்ளிக் கேட்கும் தன் குரலில், "ஓய் அருளப்பா, பீடி உமக்க வாயில, இருமல் எனக்க வீட்டுக்காரனுக்க நெஞ்சிலயா? ராத்திரி முழுக்க அந்த மனுசன் உறங்கல்ல, நீரு அங்க கால நீட்டிட்டு இழுத்து விடுகீரு" என்று கத்த, அருளப்பன் வெளியே வந்து, "எட்டி செலினே, உனக்க மாப்பிள கறியில காந்தாரி மொளகு தின்னா எனக்குல்லா விக்குது, அதுக்கு நான் வந்து சண்ட போட்டனா?" என்று கேட்டான். ஆனால் அன்றோடு பீடியை விட்டான், முப்பது வருடப் பழக்கத்தை. பிரார்த்தனைக் கூட்டங்கள் நாலுமுறை முயன்று தோற்ற விஷயம் அது.

நான் ஐந்தாம் வகுப்பு வரை மலையாளத்திலும் அதற்குமேல் தமிழிலும் படித்தவன், எல்லைக்கு இந்தப்புறமும் அந்தப்புறமும் நடக்கிற போட்டிகளுக்குக் கடிதம் எழுத ஆள் வேண்டுமென்று என்னைக் கிளப்புக்குச் செயலாளராகப் போட்டிருந்தார்கள், அதனால் இரண்டு பக்கத்துப் பயிற்சியையும் கிட்டத்தில் இருந்து பார்த்தேன். பந்து அணிக்குத் தலைவன் ஆன்றோ, இருபத்தாறு வயது, வார்த்தைக்குக் கஞ்சன், பந்தை வாங்கும் முன்பே யாருக்குக் கொடுப்பது என்று தெரிந்தவன். பேண்டு செட்டுக்கு மாஸ்டர் வறுவேல், ஐம்பத்தாறு வயது, முதல் கிளாரினெட், பாட்டுகளை ஒரு நீள நோட்டில் சுரமாக எழுதி, மூச்செடுக்க வேண்டிய இடத்திலெல்லாம் சிவப்பு மையில் கமா போட்டு வைத்திருப்பவர். இருவருக்கும் அதுவரை கல்யாண வீட்டில் பார்த்தால் தலையசைக்கிற பழக்கம் மட்டும்தான்.

முதலில் அவர்கள் செய்தது வேறு யாருக்கும் செய்ய வாய்க்காத தவறு. மூச்சு ஒன்றாகிவிட்டதால் எல்லாமே ஒன்றாக வேண்டும் என்று நினைத்துக்கொண்டு, பந்துக்காரர்கள் ஏழு பேரும் ஒரே நேரத்தில் ஒரே பந்தை நோக்கி ஓடினார்கள், பேண்டுக்காரர்கள் ஏழு பேரும் ஒரே மெட்டை ஒரே கனத்தில் ஊதித் தட்டினார்கள், அது அவர்களுக்கு மிக அழகாக இருந்தது. பக்கத்து ஊர் அணியோடு ஒரு நட்பு ஆட்டத்தில் ஐந்து கோல் வாங்கினார்கள். அன்று ஆட்டம் முடிந்து மணலில் மல்லாந்து கிடந்த ஆன்றோவிடம் வறுவேல் வந்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார்.

"மக்கா, உங்க ஆட்டம் எங்க பேண்டு மாதிரியே இருக்கு."

"அப்ப நல்லாருக்கா மாமா?"

"நாறுது. எங்க பேண்டும் ஒரு வாரமா நாறுது. நான் ஊதும்போ டிரம்பெட்டுக்காரன் சும்மா இருக்கணும், அவன் சும்மா இருக்கத்தான் நான் ஊதுகது கேக்கும். உங்கள்ல ஒருத்தனாவது சும்மா நிக்கானா?"

ஆன்றோ எழுந்து உட்கார்ந்து, "உங்க நோட்டைக் கொண்டாருங்க" என்றான்.

அதற்குப் பிறகு அந்த மைதானத்தில் நடந்ததை நான் பார்க்காமல் யாராவது சொல்லியிருந்தால் அதை மட்டும்தான் நம்பியிருக்கமாட்டேன். வறுவேலின் நோட்டில் பாட்டுக்கு ஒரு பக்கமும் எதிர்ப்பக்கத்தில் ஆட்டத்துக்கு ஒரு பக்கமுமாக எழுதினார்கள். கிளாரினெட் நீளமாக ஒரு அடியை இழுக்கும்போது பந்து நடையில் போகும், காலிலிருந்து காலுக்கு, அவசரமே இல்லாமல். சிவப்பு கமா வரும் இடத்தில் ஒருவன் பாய்வான், அவன் பாய்ச்சலுக்காக மற்ற பதிமூன்று நெஞ்சும் சேர்ந்து இரைக்கும், பிறகு மறுபடியும் அடி, மறுபடியும் நடை. பேண்டுக்காரர்கள் சுருதி சேர்க்கிற கால் மணி நேரம் பந்துக்காரர்கள் கால் நரம்பை இளக்கினார்கள். இவர்கள் உதட்டுக்கு எண்ணெய் தடவும்போது அவர்கள் முழங்காலுக்குத் தடவினார்கள், இவர்கள் கடினமான இரண்டு வரியை மட்டும் நாற்பது தடவை வாசித்தபோது அவர்கள் மூலையிலிருந்து வரும் ஒரே ஒரு உதையை நாற்பது தடவை உதைத்தார்கள். இரு கூட்டமும் கண்ணை மூடிக்கொண்டு, பக்கத்தில் நிற்பவன் எப்போது தொடங்கப்போகிறான் என்பதை அவன் தொடங்குமுன் அறிந்துகொள்ளப் பழகியது. ஆட்டத்துக்கும் வாசிப்புக்கும் முந்தின நாள் ஒன்றும் செய்யாமல் படுத்துக் கிடக்கவேண்டும் என்பதிலும் இரண்டு பேருக்கும் ஒரே கருத்து. அந்த நாளில் கிளீட்டஸைச் சிப்பிக்குப் போகவிடாமல் பதிமூன்று பேர் காவல் இருந்தார்கள். ஜூன் மாதம் வந்தபோது ராயப்பன்துறை தோற்பதை மறந்திருந்தது, காலிறுதியில் மூன்று, அரையிறுதியில் நான்கு, இருபத்திரண்டு வருடமாகக் கைக்கு வராத கரையோரக் கோப்பையின் இறுதியாட்டம் ஜூன் இருபத்தொன்பது, மாலை நான்கு மணி, தெற்குமணல் மைதானத்தில்.

அந்த நாள், அந்த மணி, எங்கள் ஊர்ப் பாதுகாவலரான புனித ராயப்பருடைய திருவிழாச் சப்பரம் கோவிலை விட்டு இறங்குகிற நேரம்.

வறுவேலுக்கு அந்தச் சப்பரம் என்ன என்பதைச் சொல்லவேண்டும். எங்கள் ஊரில் சப்பரம் தெருவோரச் சிலுவை மேடைகளான ஐந்து குருசடிகளில் நின்று ஜெபம் கேட்டு, கடைசியில் ஐஸ் ஃபாக்டரி மதிலிலிருந்து ஐந்தாம் குருசடி வரை உள்ள மேட்டில் ஏறும். அந்த மேடு, சுமப்பவர்களின் காலடிக் கணக்கில், முப்பத்திரண்டு எட்டு. அந்த முப்பத்திரண்டு எட்டுக்கும் பாட்டின் கடைசி அடியை முதல் கிளாரினெட் ஒரே மூச்சில் ஊதவேண்டும், அறுக்கக்கூடாது. வறுவேலின் அப்பா ஊதினார், அவருக்குப் பிறகு முப்பத்தொரு வருடம் வறுவேல் ஊதினார். போன வருடம் பத்தொன்பதாவது எட்டில் மூச்சு தீர்ந்து பாட்டு அறுந்தது, சுமந்தவர்கள் ஒரு கணம் கால் தடுமாறி நின்றார்கள். அன்றே கமிட்டித் தலைவர் பிலேந்திரன், ஊர் முன்னால் வைத்து, "வறுவேல் அண்ணே, இன்னொருமொற அறுந்தா அடுத்த வருசம் செண்டமேளம்தான். நான் சொன்னா சொன்னதுதான்" என்று சொல்லியிருந்தார். இந்த வருடம் பதினான்கு நெஞ்சின் மூச்சு வறுவேலுக்கு இருந்தது, பயிற்சியில் நாற்பது எட்டு வரை போய்க் காட்டினார். அந்த இடத்தை இனி யாரும் தன்னிடமிருந்து எடுக்கமுடியாது என்று அவருக்கு நிச்சயமாகத் தெரிந்திருந்தது, இரவில் நோட்டின் அந்தப் பக்கத்தைத் திறந்து, ஒரு கமாகூட இல்லாத அந்த ஒற்றை வரியைப் பார்த்துக்கொண்டிருப்பார் என்று அவர் மனைவி சொன்னாள்.

ஆட்டத்தைத் தள்ளிவைக்கப் போட்டி நடத்தும் தெற்குமணல்காரர்கள் ஒத்துக்கொள்ளவில்லை, திருவிழாவைத் தள்ளிவைக்க ராயப்பரிடம் கேட்க யாருக்கும் தைரியம் இல்லை. கமிட்டி பயந்தது, பதினான்கு பேரும் பயப்படவில்லை. வறுவேலும் ஆன்றோவும் நோட்டைத் திறந்து உட்கார்ந்து, ஒரு மாலையில் எல்லாவற்றையும் முடித்தார்கள். ஒவ்வொரு குருசடியிலும் ஜெபத்துக்காக வாத்தியம் நாலு நிமிடம் நிற்கும், அந்த நாலு நிமிடம் பந்துக்காரர்களுக்குப் பாய்ச்சல். சப்பரம் நகர்ந்து பாட்டு போகிற நேரமெல்லாம் அவர்களுக்கு நடையும் காவலும். முதல் குருசடி நான்கு ஐந்துக்கு, இரண்டாவது நான்கு பதினான்குக்கு, ஐந்தாவது நான்கு நாற்பத்தொன்றுக்கு. ஆட்டம் முடிவது நான்கு நாற்பத்தைந்துக்கு. அதாவது மேட்டில் ஏறி, அந்த நீள அடியை ஊதி முடித்து, கிளாரினெட்டைக் கீழே இறக்கிய பின்பும் ஆன்றோவுக்கு ஓட நாலு நிமிடம் மிச்சம் இருக்கும். ஐந்து நாள் இரண்டு ஊரிலும் கடிகாரம் வைத்து ஒத்திகை பார்த்தார்கள். ஒத்திகையில் சப்பரத்துக்குப் பதிலாகக் கட்டில் ஒன்றைத் தூக்கிக்கொண்டு நடந்தார்கள், ஒரு நிமிடம்கூடப் பிசகவில்லை.

"மாமா, ஒண்ணும் பயப்படாதீங்க, மேடு முடியாம நான் ஓடமாட்டேன்" என்றான் ஆன்றோ.

"நீ ஓடினா எனக்குத் தெரியாதாலே?" என்று சிரித்தார் வறுவேல்.

ஜூன் இருபத்தொன்பது. நான் சப்பரத்தோடு நடந்தேன், ஒரு கையில் நோட்டு, மறு கையில் கைபேசி. மறுமுனையில் தெற்குமணல் மைதானத்துக் கோலுக்குப் பின்னால் புருஷனை ஏசிக்கொண்டே நின்ற செலின். முதல் குருசடியில் பங்குத்தந்தை ஜெபத்தைத் தொடங்கியபோது வாத்தியக்காரர்கள் ஏழு பேரும் அசையாமல் நின்று நாய் மாதிரி இரைத்தார்கள், கைபேசியில் செலின், "கோலூ!" என்று அலறினாள், ஜெபமாலையோடு நின்ற கூட்டம் முழுவதும் 'ஆமென்' என்றது. பாட்டு தொடங்கியது, அங்கே பந்து நடைபோட்டது. இரண்டாம் குருசடி, மூன்றாம் குருசடி, எல்லாம் நோட்டில் எழுதிய நிமிடத்தில். எதிரணி ஒரு கோல் திருப்பிப் போட்டது, அதற்கும் நோட்டில் இடம் விட்டிருந்தோம். பிலேந்திரன்கூட நடையை என் பக்கம் ஒதுக்கி, "என்னவாம்? என்னவாம்?" என்று கேட்டுக்கொண்டே வந்தார்.

நாங்கள் கணக்கில் எடுக்காத ஒன்று மூன்றாம் குருசடி தாண்டியதும் வந்தது. எங்கள் ஊரில் நேர்ச்சை நேர்ந்துகொண்டவர்கள் சப்பரத்தை வழியில் நிறுத்தி, பாதத்தில் உப்பும் மிளகும் கொட்டுவார்கள். கொட்டி முடியும்வரை சப்பரம் நகரக்கூடாது, பாட்டும் நிற்கக்கூடாது. வருடத்துக்கு நாலைந்து பேர் இருப்பார்கள். இந்த வருடம், ஒருத்திக்கு ஒருத்தி சொல்லாமல், ஊரில் பாதி வீட்டுப் பெண்கள் கோப்பை ராயப்பன்துறைக்கு வரவேண்டும் என்று நேர்ந்திருந்தார்கள். சாலையின் இருபுறமும் சுளகில் உப்பும் மிளகுமாக அறுபது பேர் வரிசையில் நின்றார்கள்.

"எட்டி, சீக்கிரம் கொட்டுங்க!" என்றேன்.

"ராயப்பருக்குப் போடுகத அவசரமாவா போடுகது? அந்தப் பயலுவளுக்காகத்தானே போடுகோம்!" என்று ஒருத்தி மிளகை நிதானமாக விரலிடுக்கில் உதிர்த்தாள்.

ஏழு நிமிடம். அந்த ஏழு நிமிடமும் வறுவேல் பாட்டைத் திரும்பத் திரும்ப ஊதினார், அங்கே பந்துக்காரர்கள் பாய வேண்டிய நேரத்தில் நடந்தார்கள், செலின் என் காதில், "ஏன் ஓய் நடக்கானுவ? ஏன் நடக்கானுவ? காலுல சிரட்ட கட்டியிருக்கா?" என்று கதறினாள். நான்காம் குருசடியில் ஜெபத்தைச் சுருக்கினார் பங்குத்தந்தை, இருந்தும் ஐஸ் ஃபாக்டரி மதிலுக்குப் பக்கத்தில் சப்பரம் வந்தபோது மணி நான்கு நாற்பத்து நான்கு. ஒன்றுக்கு ஒன்று, ஆட்டத்தில் ஒரு நிமிடம் மிச்சம். வறுவேல் என்னைப் பார்த்தார், சுமப்பவர்கள் முதல் எட்டு வைத்தார்கள், அவர் அந்த அடியைத் தொடங்கினார்.

நான் எத்தனையோ திருவிழாக்களில் அதைக் கேட்டிருக்கிறேன், அப்படிக் கேட்டதில்லை. பதினான்கு பேரின் காற்று அந்தக் கருங்குழலுக்குள் நுழைந்து, நடுக்கமில்லாமல், மேட்டின் சரிவுக்கு ஒரு கைப்பிடி போலச் சாய்ந்து ஏற, சுமந்தவர்கள் அதைப் பிடித்துக்கொண்டு ஏறினார்கள். பத்து எட்டு. பதினைந்து. போன வருடம் அறுந்த பத்தொன்பதைத் தாண்டியபோது பிலேந்திரன் தலையிலிருந்த தொப்பியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

இருபதாவது எட்டில் செலின் கத்தினாள். கைபேசி என் காதில்தான் இருந்தது, ஆனால் அது செலினின் குரல், சப்பரத்தின் பின்னால் வந்தவர்களுக்கும் கேட்டிருக்கும்.

"ஆன்றோவுக்குப் பந்து கிட்டியாச்சு! முன்னால ஒருத்தனும் இல்ல, கீப்பர் மட்டும்தான்! ஓடுலே… ஐயோ, நிக்கானே! பந்தக் காலடில வச்சிட்டு நிக்கான் ஓய்! பின்னால ரெண்டு பேரு வாறானுவ, இவன் வாய மூடிட்டுச் சும்மா நிக்கான்! உங்க பேண்டு இன்னும் முடியலயா?"

வறுவேலின் கண்கள் திறந்தன. குழல் உதட்டில் இருந்தது, அடி கொஞ்சமும் குலையவில்லை, மேட்டில் இன்னும் பன்னிரண்டு எட்டு இருந்தது. குருசடியின் படியில், ஊதி முடித்ததும் அவர் ஏறி நிற்பதற்கென்று முப்பத்தொரு வருடமாக விரிக்கும் சிவப்புத் துணி விரித்திருந்தது, பிலேந்திரன் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நடந்தார்.

இருபத்தோராவது எட்டில் வறுவேல் கிளாரினெட்டை உதட்டிலிருந்து எடுத்து, வாயை அகலத் திறந்து, மூச்சை உள்ளே இழுத்தார்.